கிரகணத்துல அருவா புடிச்சவ

எங்க அக்கா மகளுக்கு முகத்தில் வலப்பாதி செவப்பு. செவப்பு என்று எழுதிவிட்டேனே தவிர அது செவப்பு இல்லை. நம்ம தோலில் செவப்பு செவப்பாத் தெரியாது. நாவப்பழம் தின்ன புள்ளைக்கு வாயத் தொடைக்காம விட்டா எப்படி இருக்கும், அப்படி ஒரு நிறம். நெத்தி, மேல் இமை, கன்னம், மேலுதடு வரைக்கும் இறங்கி, நட்ட நடு மூஞ்சியில் கோடு போட்ட மாதிரி நின்றுவிடும்.

அவள் பிறந்தது 2020 சூலையில், ஊரடங்கு நேரம். அக்கா வயிற்றில் இருந்தபோது ரெண்டு சூரிய கிரகணம் வந்தது. 2019 டிசம்பர் 26 ஒன்று, 2020 சூன் 21 ஒன்று. முதல் கிரகணத்தன்று காலையில் ஊர்த்தெருவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கர்ப்பிணிகளை வெளியே விடவில்லை. எங்க காலனிப் பொம்பளைங்க கரும்புக் கொல்லையில் இருந்தார்கள். ரெண்டு மாசம் முழுகாம இருந்த அக்காவும் அருவாளோடு இருந்தாள். கிரகணம் பார்த்து வீட்டுக்குள் உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலியை யார் தருவது? சாத்திரம் அவர்களுக்கு, வெயில் நமக்கு. ஆனால் குழந்தை பிறந்ததும் அந்தச் சாத்திரம் எங்க தெருவுக்கு வந்துவிட்டது. "கிரகணத்துல அருவா புடிச்ச இல்ல, அதான் மூஞ்சில வெட்டிடுச்சி" என்றாள் அக்கா மாமியார். ஊரை எதிர்த்து ரெட்டைக் குவளைக்காகச் சண்டை போட்ட கிழவி அவள். மருமகள் விசயத்தில் ஊர்த்தெரு சொன்னதையே சொன்னாள்.

பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா, "அழுந்திப் பொறந்ததால கன்னிப்போயிருக்கு, போயிடும்" என்றார். மூணு மாசம் கழித்து இன்னொரு இடத்தில் ஒரு டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே, "ஸ்ட்ராபெர்ரி மச்சம். ரெண்டு மூணு வயசுல தானா சுருங்கிடும்" என்றார். எங்க ஜனத்தில் ஸ்ட்ராபெர்ரியைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேரோ. இப்போது கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டதில் சொல்கிறேன்: அவர் சொன்ன மச்சம் வேறு. அது பெரும்பாலும் பிறந்து சில வாரம் கழித்துத் தலைகாட்டி, வேகமாக வளர்ந்து, பிறகு மெல்ல அடங்கும். 2008இல் பிரான்சில் போர்தோ நகரத்து டாக்டர்கள் இருதயத்துக்குக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் மருந்து அதைச் சுருக்குகிறது என்று கண்டார்கள். எங்க பாப்பாவுக்கு இருந்தது பிறக்கும்போதே முழுசாக இருந்தது. மேடு இல்லை, வளரவில்லை, அடங்கவும் இல்லை. முகம் வளர வளர அதுவும் கூடவே விரிந்தது. இதை 'போர்ட் ஒயின்' கறை என்கிறார்கள். ஆயிரம் குழந்தைக்கு மூணு குழந்தை இப்படிப் பிறக்குமாம்.

பேரைப் பாருங்கள். போர்ட் ஒயின், ஸ்ட்ராபெர்ரி, பால்காப்பி. வெள்ளைத்தோலில் என்ன நிறம் தெரிந்ததோ அதுவே நோய்க்குப் பேராகிவிட்டது. புத்தகத்தில் படமும் பெரும்பாலும் வெள்ளைத்தோலில்தான். நம்ம குழந்தைகளுக்குப் பிறக்கும்போது முதுகிலும் பிட்டத்திலும் நீலமாக ஒரு திட்டு இருக்குமே, அதற்கு 1885இல் பேல்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் ஜப்பானில் இருந்துகொண்டு 'மங்கோலியப் புள்ளி' என்று பேர் வைத்தார். பிறந்த குழந்தை பிட்டத்திலும் இனத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். மேல்நாடுகளில் அந்தத் திட்டைப் பார்த்து அடித்த காயம் என்று பெற்றவர்களைச் சந்தேகப்பட்டதும் நடந்திருக்கிறது. லண்டனில் படித்த கறுப்பின மாணவர் மலோன் முக்வெண்டே, கறுத்த தோலில் நோய்க்குறி எப்படித் தெரியும் என்று காட்டுவதற்கே 2020இல் ஒரு கையேடு கொண்டுவந்தார். பாப்பா பிறந்த அதே வருசம். எங்களுக்கு அது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

நான் எம்.ஏ. தமிழ். சுணங்கு, திதலை என்று பெண்ணுடம்பில் பூத்த புள்ளிகளைச் சங்கப் புலவர்கள் அழகென்று பாடியதை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவள். அந்த வகுப்பில் கற்ற ஒரு சொல்லும் பாப்பா முகத்துக்குப் பொருந்தவில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பாப்பாவின் வலது கண் இடது கண்ணைவிடப் பெரிசு. வெளிச்சத்தில் கூசும், தண்ணீர் வழியும். நாங்கள் அதைக் கொண்டாடினோம். "மூஞ்சி போனா என்னாடி, கண்ணப் பாரு, மகாராணிக் கண்ணு" என்று நானே கொஞ்சியிருக்கிறேன். அக்காவைத் தேற்றச் சொன்ன வார்த்தைதான் அது. அந்தக் கண் அழகாகப் பெரிசாகவில்லை, உள்ளே அழுத்தம் ஏறி வீங்கிக்கொண்டிருந்தது.

அஞ்சாம் மாசம் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. மாமியார் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகக் கிளம்பினாள். நான் குறுக்கே நின்றேன். அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு இன்றுவரை அந்த வீட்டில் எனக்குச் சரியான பேச்சுவார்த்தை இல்லை.

பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வந்ததும் பாப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனார். கண்ணாடித் தகட்டை நெத்தியில் வைத்து அழுத்தினார். நிறம் வெளுத்து, எடுத்ததும் திரும்பி வந்தது. கறுத்த தோலில் விரலால் அழுத்தினால் சரியாகத் தெரியாது என்றார். "இழுப்பு எந்தக் கையில?" என்று கேட்டார். இடது கை என்றதும் தலையாட்டினார். வலப்பக்கம் கறை என்றால் வலப்பக்க மூளையின் மேலுறையிலும் அதே போல ரத்தக்குழாய் தாறுமாறாக இருக்கலாம், வலப்பக்க மூளை ஆட்டுவது இடது கையை. நெத்தியில் இந்தக் கறை இருந்தால் மூளையையும் கண்ணையும் பார்க்காமல் விடக்கூடாதாம். 1879இலேயே லண்டனில் ஸ்டர்ஜ் என்ற டாக்டர் ஆறரை வயசுச் சிறுமி ஒருத்தியிடம் முகக்கறை, இழுப்பு, கண் மூணையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். பிறகு வந்த வெபர் பேரும் சேர்ந்து இது ஸ்டர்ஜ்-வெபர் ஆயிற்று. 1879இல் தெரிந்த விசயம் எங்களிடம் வந்து சேர ரெண்டு ஆஸ்பத்திரியும் அஞ்சு மாசமும் ஆனது.

ஸ்கேன் எடுத்தார்கள். இழுப்புக்கு மருந்து, கண்ணுக்கு ஆபரேசன். வலது கண்ணில் பார்வை கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அன்றைக்கு அக்கா அந்த டாக்டரம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், "அருவா புடிச்சது தப்புங்களா?" என்னிடம்கூட அவள் அதைக் கேட்டதில்லை. அவளே அதை நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கரு உருவாகும் ஆரம்பத்தில் ஏதோ ஒரு செல்லில் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போகிறது, அந்தச் செல்லிலிருந்து பிறந்த பாகத்தில் மட்டும் இது வருகிறது, 2013இல் கண்டுபிடித்தார்கள் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "உன் ரத்தத்துலேர்ந்தும் வரல, அவங்கப்பா ரத்தத்துலேர்ந்தும் வரல. அடுத்த புள்ளைக்கும் இதால வராது. நீ ஒன்னும் பண்ணலம்மா." அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் பிரித்து வைத்தாள். கிழவிக்குப் படிக்கத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேடைகளில் நான் சாதியைப் 'பிறவிக் கறை' என்று பேசியதுண்டு. கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். பாப்பா வந்தபிறகு அதை விட்டுவிட்டேன். இந்தக் கறை ஒரு செல்லில் தற்செயலாய் ஏற்பட்ட பிழை. சாதி ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து வைத்த ஏற்பாடு. ரெண்டையும் ஒரே வார்த்தையில் கட்டக்கூடாது.

முகத்துக்கு லேசர் இருக்கிறது. 595 நானோமீட்டர் ஒளி, ரத்தத்தின் சிவப்பு அதை இழுத்துக்கொண்டு சூடாகி, அந்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். சிறு வயதிலேயே ஆரம்பித்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் தோலின் கறுப்பும் அதே ஒளியை இழுக்கும். கவனமில்லாமல் அடித்தால் வெந்துபோகும், வெளுத்துத் திட்டாகும். கறுத்த தோலுக்குச் சக்தியைக் குறைத்து, குளிரவைத்து, பல தடவை அடிக்க வேண்டும். முழுசாகப் போகும் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டோம். தடவைக்கு இவ்வளவு என்றார்கள். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டியபோது, "இது அழகுக்குப் பண்றதும்மா, இதுக்கு வராது" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அழகுக்கு! வயசாக ஆக அந்தக் கறை தடித்துக் கட்டி கட்டியாகலாம், ரத்தம் கசியலாம், உதடு பெருக்கலாம். பிறகு கடன் வாங்கி வேறு இடத்தில் நாலு தடவை அடித்தோம். கன்னத்தில் குறைந்திருக்கிறது, நெத்தியில் அப்படியே இருக்கிறது. இனி அடிப்பதா வேண்டாமா என்பதைப் பெரியவளானதும் அவளே சொல்லட்டும் என்கிறாள் அக்கா. எனக்கு அதில் சம்மதமில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

2025 சூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம், அங்க அடையாளத்துக்கு ஒரு கட்டம். எழுதிக்கொண்டிருந்தவர் சாதியைக் கேட்டு எழுதினார். அங்க அடையாளத்தைக் கேட்கவில்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். அக்கா குறுக்கே கையை வைத்து மறித்தாள்.

"இடது முழங்கையில ஒரு கறுப்பு மச்சம் இருக்குதுங்க சார். அத எழுதுங்க."

பாப்பா சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.