கசடு விழாத வெல்டிங்

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு வரும் சாலையில் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வரும். ஓர் ஊர் முடிந்து இன்னொன்று தொடங்குவது தெரியாது. ஆனால் எந்தத் திருப்பத்திலும் ஒரு வெல்டிங் ஒர்க்‌ஷாப் கண்ணில் படும். தகரக் கூரை, வாசலில் சாய்த்து வைத்த பாதி முடிந்த கேட், சிவப்பு பிரைமர் வாடை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. இரும்பு வேலை மட்டும் அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. மார்த்தாண்டத்து வீட்டுக்கு கேட் பாறசாலையில் உருவாகும். பாறசாலை வீட்டு மாடியில் ஷீட் கூரைக்கு ட்ரஸ் ஏற்ற குழித்துறையிலிருந்து ஆள் வருவார்.

என் தாய்மாமாவின் ஒர்க்‌ஷாப் பாறசாலைக்குத் தெற்கே இருக்கிறது. இளமையில் குவைத்தில் வெல்டராக இருந்தார். திரும்பி வந்து கேட், கிரில், மாடிக்கு ஷீட் கூரை என்று பிழைப்பு நடத்துகிறார். முதலில் எல்லாம் ராடு வெல்டிங்தான். பிறகு வயர் ஓடும் மெஷின் வந்தது. கடையில் மிக் என்று விற்பார்கள், ஒர்க்‌ஷாப்பில் சி.ஓ.டூ என்பார்கள். அதன் பக்கத்தில் நின்றும், டார்ச் பிடித்தும் எனக்குப் புரிந்தது ஒன்றுண்டு. இந்த மெஷின் வேலையை எளிதாக்கியது உண்மை. எளிதாக்குகிற வழியில், வெல்டரை இடையிடையே நிறுத்தி எச்சரித்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அது எடுத்துப் போட்டுவிட்டது.

ராடு வெல்டிங்கை நினைத்துப் பாருங்கள். ஒரு ராடு ஒன்றிரண்டு நிமிடத்தில் எரிந்து தீரும். நிறுத்தி, ஹோல்டரில் புது ராடு மாட்டி, சுத்தியலால் கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. புகை முகத்தில் அடிக்கும். தலையைத் திருப்பித்தான் ஆகவேண்டும். வயர் மெஷினில் கசடு கிடையாது. ட்ரிகரை அழுத்தினால் 15 கிலோ சுருள் தீரும்வரை வயர் வந்துகொண்டே இருக்கும். புகை குறைவு, தையல் அழகு. நிறுத்துவதற்குக் காரணமே கிடைப்பதில்லை.

இந்த முறை அமெரிக்காவின் பேட்டெல் ஆய்வு நிறுவனத்தில் 1948-ல் அலுமினியத்துக்காக உருவானது. அப்போது உருகும் உலோகத்திலிருந்து காற்றை விலக்கி நிறுத்தியது விலை கூடிய மந்த வாயு. 1953-ல் சோவியத் பொறியாளர்கள் லியுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும் அந்த இடத்தில் கரியமில வாயுவை வைத்துக் காட்டினார்கள். சாதாரண இரும்புக்கு இந்த வேலை மலிவானதும், நம் சாலையோர ஒர்க்‌ஷாப் வரை அது வந்து சேர்ந்ததும் அந்த மாற்றத்தால்தான்.

மெஷினைப் பூட்டும் வேலையில் மாமா அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. முதலில் ரோலர். வயர் 0.8 மி.மீ. என்றால் ரோலரின் பள்ளமும் 0.8, டார்ச் கேபிளுக்குள் ஓடும் லைனரும், முனையில் இருக்கும் செம்பு டிப்பும் அதற்கு ஏற்றவை. டிப் மட்டும் ஒரு அளவு பெரிதாகிவிட்டால் கரண்ட் சரியாக ஏறாது, ஆர்க் துள்ளும். பிறகு ரோலரின் இறுக்கம். மிகவும் இறுக்கினால் வயர் நசுங்கி, செம்புப் பூச்சு உரிந்து லைனரை அடைக்கும், தளர்ந்தால் வழுக்கும். ஒரு மரத்துண்டுக்கு எதிரே டார்ச்சைப் பிடித்து வயரை ஓடவிட்டு, அது முட்டி வளைந்து வெளியேறுகிறதா என்று பார்ப்பார். முட்டியதும் ரோலர் வழுக்காமல், வயரும் உள்ளே சிக்காமல் இருந்தால் இறுக்கம் சரி.

எங்கள் ஊர்க் காற்றுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். பூவார்க் கடல் தூரமில்லை; இடவப்பாதி மழையும் துலாமழையும் இங்கே பெய்யும். மெஷினுக்குள்ளேயே விட்டுவைத்த வயர்ச் சுருளில் துரு ஏறும். துருப்பிடித்த வயர் லைனரை அறுத்து, ரோலர் பக்கத்தில் சிக்குச் சிக்காகக் குவியும். வேலை இல்லாத நாட்களில் சுருளைக் கழற்றி பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி வைப்பது மாமாவின் வழக்கம்.

வாயுவைப் பற்றி நான் கற்றதில் எனக்கு மிகவும் பிடித்தது சிலிண்டர் மானியின் நடத்தை. கரியமில வாயு சிலிண்டருக்குள் பெரும்பாலும் திரவமாக இருக்கிறது. 30 டிகிரி வெயிலில் அழுத்தம் சுமார் 70 பார். பாதி தீர்ந்தாலும் முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். திரவம் முழுதும் ஆவியான பிறகுதான் மளமளவென்று இறங்கும். மானியைப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று ஒரு பெரிய கேட்டைத் தொடங்கினால் நடுவில் நின்றுபோகலாம். எவ்வளவு மிச்சம் என்று அறியத் தராசில் நிறுத்துத்தான் பார்க்கவேண்டும். அந்தத் திரவம் ஆவியாகும்போது ரெகுலேட்டரைக் குளிரவைத்து உறையச் செய்யும் என்பதால்தான் அதில் ஒரு ஹீட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது. ஹீட்டர் வயரைச் செருகாமல் வேலை தொடங்கினால், சற்று நேரத்தில் வாயு தடைபட்டு வெல்டிங் முழுக்க ஊசித்துளைகள் விழும். சிலிண்டர் சுவரோடு சங்கிலியில் கட்டப்பட்டே இருக்கவேண்டும். விழுந்து வால்வு உடைந்தால் அந்த அழுத்தத்தோடு என்ன பாயும் என்று சொல்லவேண்டியதில்லை.

வாயு ஓட்டம் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். வாயுவோடு ஓடும் கெட்டி வயருக்கு டார்ச் பாசிட்டிவ், எர்த் நெகட்டிவ். 2 மி.மீ. சதுரப் பைப்புக்கு 17, 18 வோல்ட்டில் தொடங்கி வயர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கவேண்டும். இந்த மெஷினில் கரண்டைத் தீர்மானிப்பது வயர் வேகம்தான் என்பது ராடு வெல்டிங்கில் பழகியவர்களுக்குப் பிடிபடச் சிறிது நாளாகும். வேகம் அதிகமானால் வயர் இரும்பில் முட்டிக் கையைத் தள்ளும். குறைந்தால் முனை உருண்டை உருண்டையாகச் சொட்டும். இரண்டும் பொருந்திய இடத்தைக் காட்டுவது சத்தம்.

“மக்களே, கண்ணெ வச்சுப் பாக்காண்டாம், காத வச்சுக் கேளு. பப்படம் பொரியுற சத்தம் வரணும்.”

“இப்பம் கொள்ளாமா மாமா?”

“இன்னும் வெடிக்கு. வயர பையக் குறை.”

சத்தம் சரியான பிறகும் மாமா அதை நம்புவதில்லை. பிடிக்காத தையலும் பிடித்தது போலத் தெரிவதுதான் இந்த மெஷினில் நான் கண்ட பெரிய ஆபத்து. ராடு சரியாகப் பிடிக்காவிட்டால் பார்வையிலேயே பல்லிளிக்கும். கசடு உள்ளே மாட்டும், தையல் கோணும். வயர் மெஷினில் கரண்ட் குறைவாக இருந்தாலும், பைப்பில் துருவும் பெயின்ட்டும் இருந்தாலும், உருகிய வயர் மேலே அழகாகப் படுத்துக்கொள்ளும். அடியிலுள்ள இரும்பு உருகியிருக்காது. பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கேட் ஒரு வருடம் ஆடி, ஒரு காற்றுநாளில் கீல் கழன்று விழும்போதுதான் தெரியும். கேட்டின் கீழே விளையாடுவது பிள்ளைகள்.

ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன், அன்றைய பைப்பின் வெட்டுத்துண்டுகள் இரண்டை ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் செய்து, வைஸில் கடித்து, சுத்தியலால் அடித்து மடக்குவார். தையல் தோல் உரிந்த மாதிரி முழுசாகக் கழன்று வந்தால் செட்டிங் தவறு. இரும்பைக் கிழித்துக்கொண்டு வந்தால் சரி. சில நிமிட வேலை. திருச்சியில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கிய பெல் நிறுவனம் கொதிகலன்களின் தையலை எக்ஸ்ரேயிலும் ஒலியலையிலும் பார்க்கிறது. பாறசாலையில் ஒரு சுத்தியல் அந்த வேலையை ஓரளவு செய்துவிடுகிறது.

கண்ணுக்கு வருகிறேன். புகை குறைவு என்பதை எல்லோரும் நன்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் ராடின் அடர்ந்த புகை புற ஊதா ஒளியில் ஒரு பங்கை மறைத்தது. வயர் மெஷினில் அந்த மறைப்பு இல்லாததால் ஆர்க் ஒளி இன்னும் கடுமையாக அடிக்கிறது. வெல்டர் 10 அல்லது 11-ஆம் எண் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறார். பைப்பைப் பிடித்துக்கொடுக்கும் பையனுக்கு என்ன இருக்கிறது? டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) அடிக்கும் நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அவ்வளவுதான். மாலையில் ஒன்றும் தெரியாது. இரவு கண்ணுக்குள் மணல் கொட்டிய வலி எழும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் வழியும். எங்கள் பக்கத்தில் தாய்ப்பால் விடுவார்கள், உருளைக்கிழங்கை வெட்டி வைப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் கண் தானாகவே ஆறும்; அதனால்தான் அந்த வைத்தியங்களுக்குப் பெயர் நிலைத்தது. புண்பட்ட விழியில் சுத்தமில்லாத எதையும் விடுவது தொற்றுக்கு வழி. கண் மருத்துவரிடம் போவதே சரி. திரும்பத் திரும்ப அடிபடும் கண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லையே என்பது என் வருத்தம்.

ஒர்க்‌ஷாப் சாலையை ஒட்டியிருப்பதால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் அந்த நீல வெளிச்சத்தை நின்று பார்ப்பார்கள். மாமா கடைசியில் தகரத் தட்டி ஒன்றைச் செய்து சாலைப்பக்கம் நிறுத்தினார். பைப் பிடிக்கிறவனுக்கும் தனிக் கண்ணாடி வாங்கினார். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

குவைத்தில் தலைக்கவசம், தோல் கையுறை, கனத்த ஷூ இல்லாமல் யார்டுக்குள் விடமாட்டார்கள் என்று மாமா சொல்வார். அங்கே உழைத்துத் திரும்பியவர்களே ஊரில் சாரம் மடித்துக் கட்டி, ஹவாய் செருப்போடு வெல்டிங் செய்கிறார்கள். பாலியஸ்டர் சட்டையில் பொறி பட்டால் துணி உருகித் தோலோடு ஒட்டும், பருத்திதான் வேண்டும். பக்கத்துக் கடையில் ரப்பர் ஷீட்டும் தும்பும் குவிந்திருக்கும் ஊர் இது. ஒரு பொறி தும்புக்குள் புகுந்தால் சுடர் காட்டாமல் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கே யாராவது இருக்கவேண்டும்.

நுரையீரலின் கதை இதைவிட மௌனமானது. கடல் காற்றுக்குத் துருப்பிடிக்கும் என்று இங்கே எல்லோரும் ஜி.ஐ. பைப் கேட்கிறார்கள். அதன் மேலிருப்பது துத்தநாகம். ஆர்க்கில் அது வெள்ளைப் புகையாக எழும். வேலை செய்யும்போது தொண்டையில் ஒரு உலோகச் சுவை. சில மணி நேரம் கழித்து குளிர், நடுக்கம், காய்ச்சல். மழைக்காலத்தில் இதைச் சாதாரண ஜுரம் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் போய்விடும், திரும்ப வேலைக்கு வருவார்கள், திரும்ப வரும். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்பது ஒர்க்‌ஷாப்களில் வேரோடிய நம்பிக்கை. பால் போவது வயிற்றுக்கு. புகை போவது நெஞ்சுக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்தது. மூட்டு வரும் இடத்தில் துத்தநாகத்தை கிரைண்டரால் முகக்கவசத்தோடு எடுத்துவிட்டு, புகையை வாய்ப்பக்கம் வரவிடாமல் ஒதுக்கி இழுக்கும் விசிறியை வைத்துச் செய்யவேண்டும். விசிறிக்காற்று நேராக வெல்டிங் மேல் அடித்தால் வாயு கலைந்துவிடும். அந்த இடத்தைப் பார்த்து வைப்பதில்தான் பழக்கம் இருக்கிறது. மூடிய தொட்டிக்குள் இறங்கி இந்த மெஷினைப் பிடிக்கவே கூடாது. கரியமில வாயு காற்றைவிடக் கனம். அடியில் தேங்கி மூச்சை அடைக்கும். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இரும்பும் அப்படியே: அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருந்தால் ஆர்க் ஒளியில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ரிகரை அழுத்தியதும் முனை மட்டுமல்ல, மெஷினுக்குள் இருக்கும் சுருள் முழுவதும் கரண்ட் ஏறிய வயர். நனைந்த தரையில், வியர்த்த உடம்போடு இதைத் தொடக்கூடாது, லைனில் மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் இ.எல்.சி.பி. இல்லாத இடத்தில் மெஷினைச் செருகவே கூடாது. நீட்டுவயர் சுருட்டியபடி கிடந்தால் சூடாகி உருகும். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் கடிக்கவேண்டும்.

மாடி ட்ரஸ் வேலைக்கு இந்த மெஷின் ஏறாது. மேலே காற்று வாயுவைக் கொண்டுபோய்விடும். வாயு வேண்டாத, உள்ளே மருந்து அடைத்த வயர் கிடைக்கிறது; அதற்கு டார்ச்சையும் எர்த்தையும் மாற்றிப் பூட்டவேண்டும், டார்ச் நெகட்டிவ், கசடும் விழும். மாமா ட்ரஸ்ஸுக்கு இன்றும் ராடுதான் எடுத்துப்போகிறார். அதுவே சரி என்று நானும் நினைக்கிறேன்.

தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது; நாடெங்கும் ஐ.டி.ஐ.களில் வெல்டர் ஓராண்டுப் படிப்பு. ஆனால் இந்தச் சாலையோரப் பையன்களில் பலர் பைப் பிடித்தே கற்கிறார்கள். அவர்களுக்கு ஆசான் சொல்வதே பாடம். ஆசானுக்கோ, கிலோ கணக்கில் பேரம் பேசும் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். மாமா இப்போது ஜி.ஐ. கேட்டுக்கு மூட்டு கிரைண்டிங் கூலியைத் தனியாக எழுதிக் கொடுக்கிறார். சிலர் அதைப் பார்த்ததும் அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள். நின்று ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அன்று காலை அடித்து மடக்கிய துண்டை எடுத்துக் காட்டி, அந்தக் கூலி எதற்கு என்று விளக்குகிறார்.