கிழிக்கக் கூடாத பேரேடு

பி.காம். படித்தவனுக்கும் புரோகிராம் சமாச்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கிளையில் கடன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனைத் தூக்கி, இங்கே நவி மும்பையில் வங்கியின் கணினிப் பிரிவில் போட்டுவிட்டார்கள். கணக்கு ஒத்துப்பார்க்கும் ரிப்போர்ட்டுகளுக்கான சின்னச் சின்ன புரோகிராம்கள் என் பொறுப்பு. எல்லாம் 'கிட்'டில் இருக்கும். லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய மென்பொருள் அது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். நம்ம பேரேடு மாதிரிதான்.

ஒரு நாள் அவசரத்தில், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருந்த செட்டிங்ஸ் ஃபைலையும் சேர்த்து உள்ளே ஏற்றிவிட்டேன். மறுநாள் காலையில் கவனித்ததும் பகீர் என்றது. ஃபைலை அழித்து, அதையும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் நாக்பூர்ப் பெண், என் அக்கா மகள் வயசு, கேட்டாள்.

"சார், பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா?"

"ஃபைலையே அழிச்சுட்டேனேம்மா."

அவள் ஒரே ஒரு கமாண்ட் அடித்தாள். முந்தைய நாள் பதிவு திரையில் வந்தது. பாஸ்வேர்டு பல்லிளித்தது!

அத்தோடு நின்றிருக்கலாம். எனக்குக் கை நிற்கவில்லை. யாரிடமும் கேட்காமல், தவறுக்கு முந்தைய நிலைக்குப் பின்னே போய், 'ஃபோர்ஸ் புஷ்' கொடுத்துவிட்டேன். அதாவது, சர்வரில் இருப்பதைத் தள்ளிவிட்டு என்னிடம் இருப்பதை வை என்று கட்டளை. என் தவறு போனது. அதற்குப் பின் அவள் ஏற்றியிருந்த வேலையும் கூடவே போனது. பேரேட்டில் நான்கு பக்கத்தைக் கிழித்தால் அடுத்தவன் வரவும் போகத்தானே செய்யும்?

நல்லவேளை, கிட்டில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் நகலாக இருக்கும். அவள் லேப்டாப்பிலிருந்து எல்லாம் திரும்பி வந்தது, என் பாஸ்வேர்டு உட்பட :-) அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பாஸ்வேர்டை மாற்றி, மேலதிகாரிக்கு விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

அன்று இரவு யோசித்தால், இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். தப்பான என்ட்ரியை நாம் சுரண்டி அழிப்பதில்லை, ரிவர்சல் போடுவோம். கிட்டிலும் 'ரிவர்ட்' அதேதான்: பழைய தவறும் நிற்கும், திருத்தமும் நிற்கும். மேக்கர் போட்டதை செக்கர் பார்த்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். இப்போது எங்கள் முக்கியக் கிளையில் (கிட்டிலும் கிளைதான்!) இன்னொருவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் ஏறாது, ஃபோர்ஸ் புஷ்ஷுக்கும் பூட்டு.

ரகசியம் வெளியே போனால் மட்டும் ரிவர்சல் உதவாது. சாவி தொலைந்தால் முதலில் பூட்டை மாற்ற வேண்டும். வரலாற்றிலிருந்தே நீக்க 'ஃபில்டர் ரெப்போ' என்று ஒரு கருவி இருக்கிறது. ஆனால் அதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அவரவர் பழைய நகலை விட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். எந்த ஃபைல் உள்ளே போகக் கூடாது என்று 'கிட் இக்னோர்' பட்டியலில் எழுதலாம். ஏற்கெனவே உள்ளே போன ஃபைலை அது தடுக்காது. ஆகவே முதல் நாளே எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் காலேஜ் ப்ராஜெக்டை கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருப்பார்கள். அங்கே இப்படிச் சிதறிய சாவிகளைத் தேடிப் பொறுக்கவே தானியங்கி புரோகிராம்கள் அலைகின்றன. இன்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: "பாஸ்வேர்டு எதையாவது உள்ளே போட்டியா?" அழித்துவிட்டேன் என்று பதில் வந்தால், சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, உடனே மாற்றச் சொல்லுங்கள்.