சொந்த வேலை

விடுப்பு விண்ணப்பத்தில் ‘காரணம்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்பது எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு வாரம் பேச்சாக இருந்தது. கருத்தரங்கு என்றால் பணி விடுப்பு. உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்று. பிள்ளையின் திருமணம், மாமனார் காரியம் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ‘ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் ஆறு வாரம் தங்கிக் கவிதை எழுத’ என்பதற்கு வழக்கம் இல்லை. “கட்டுரை வாசிக்கிறீங்களா மேடம்? சர்டிபிகேட் தருவாங்களா?” என்று கேட்டார் எழுத்தர். இரண்டும் இல்லை என்றேன். “அப்புறம் எதுக்குப் போறீங்க?” அவர் கேலி செய்யவில்லை, விளங்காமல்தான் கேட்டார். கடைசியில் ஈட்டிய விடுப்புக்கு ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்தேன். பதினேழு ஆண்டுப் பணியில் உண்மையாகவே என் சொந்த வேலைக்காக நான் எடுக்கும் முதல் விடுப்பு இது.

ரெசிடென்சி என்பது எளிய ஏற்பாடுதான். தங்க அறை, உணவு, சில இடங்களில் கொஞ்சம் உதவித்தொகை. எழுதவோ வரையவோ நேரம். தமிழுக்கு இது புதிதும் அல்ல. அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் திட்டத்துக்குப் போனார். அந்த அனுபவம் ‘ஒற்றன்’ நாவலானது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள்: “அத்தனை மாசமும் அவர் வீட்டை யாரு மேம் பார்த்துக்கிட்டா?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் ஆணின் பயணத்தைப் பற்றிக் கேட்டால் வேடிக்கையாகும் இந்தக் கேள்வி, என் பயணத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி.

தொல்காப்பிய அகத்திணையியலை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவுக்கான காரணங்கள் வரும். பிரிகிறவன் தலைவன். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமில்லை என்று பொருள் கொள்ளப்படும் நூற்பாவும் அங்கே உண்டு. இந்த ஆண்டு அதை நடத்தும்போது வேறொன்று கண்ணில் பட்டது. பெண் தனியே கடல் கடப்பதை அந்த நூற்பா தடுக்கவில்லை. தன் வேலையாக அவளே கிளம்புவாள் என்கிற நினைப்பே அதில் இல்லை. எங்கள் விடுப்புப் படிவமும் அப்படித்தான். ஆனால் இலக்கணம் நினைக்காததைப் பெண்கள் செய்திருக்கிறார்கள். ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார். விறலியர் ஊர் ஊராக நடந்தார்கள். இன்ன வழியாகப் போ, இன்னாரிடம் சோறு கிடைக்கும் என்று கலைஞர் கலைஞருக்குச் சொல்வதுதான் ஆற்றுப்படை. எனக்கு அப்படி வழி சொன்னவள் ஓவியம் வரையும் என் தோழி. அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நல்ல மொழிபெயர்ப்பில் பத்துக் கவிதைகளாவது ஆங்கிலத்தில் கைவசம் இருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கேதான் பின்தங்குகிறோம். கவிதை குறைந்து போவதால் அல்ல, அதை ஆங்கிலத்தில் கொண்டுசேர்க்க ஆள் இல்லாததால். என்ன எழுதப்போகிறேன் என்று ஒரு பக்கம் கேட்பார்கள். அதில் அடக்கம் காட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டை வேலை வந்தபின் எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், பணியிடத்தின் தடையின்மைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் வேண்டும்.

அந்தக் கடைசித் தாள்தான் என்னை உட்கார வைத்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி சம்பளம் ஏறுகிறது; ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை, எட்டாம் தேதி பள்ளிக் கட்டணம், பத்தாம் தேதி மளிகை. மாதத்தின் மிச்ச இருபது நாளும் கணக்கில் சில ஆயிரங்கள். வீட்டுப் பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. தவணை கட்டும் எனக்கு என் பெயரில் காட்ட ஒன்றுமில்லை. ஊர் திரும்புவேன் என்பதற்கு அத்தாட்சியாகக் கணவரையும் மகனையும் வேலையையும் விளக்கக் கடிதத்தில் எழுதினேன். ஆறு மாதமாகச் சிறுகச் சிறுகத் தனிக் கணக்கொன்றில் போட்டு வந்த பணம்தான் விசாவுக்குக் கைகொடுத்தது. மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது இப்போது கவிதை பற்றியதல்ல; இந்தத் தனிக் கணக்கு பற்றியது.

வீட்டில் ஏற்பாடுகள் பேசப்பட்டன. என் அம்மாவை ஊரிலிருந்து வரச் சொல்லலாம் என்றார் ஒருவர். நாத்தனார் வந்து இருக்கட்டும் என்றார் இன்னொருவர். சமையலுக்கு ஆள் போடலாம் என்பது மூன்றாவது யோசனை. மூன்றுமே ஒன்றுதான்: நான் எழுந்து போகும் இடத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைப்பது. அம்மாவுக்கு எழுபது வயது. அவர் வேலையிலிருந்து யார் அவருக்கு விடுப்பு தருவது? வேண்டாம் என்றேன். கணவரும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் சமைக்கட்டும் என்றேன். அதற்கு நான் தயாரித்த உரையைவிட அவர்கள் சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நாட்களில்தான் மரியன் மெக்டவல் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907இல் தொடங்கிய மெக்டவல், கலைஞர் உறைவிடங்களில் புகழ்பெற்ற ஒன்று. அங்கே மதிய உணவைக் கூடையில் வைத்து ஒவ்வொரு கலைஞரின் அறை வாசலிலும் வைத்துவிட்டுப் போவார்கள். கதவைத் தட்டி வேலையைக் கலைக்க மாட்டார்கள். அந்த வழக்கத்தின் தொடக்கம் மரியன். அவர் பியானோ கலைஞர். கணவர் எட்வர்ட் இசையமைப்பாளர். காட்டுக்குள் மரக்குடிலில் அவர் இசையமைக்க, மரியன் சாப்பாட்டுக் கூடையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவார். எட்வர்ட் 1908இல் இறந்தபின் மரியன்தான் கச்சேரிகள் செய்து பணம் திரட்டிப் பல பத்தாண்டுகள் அந்த இடத்தைக் காப்பாற்றினார்.

படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். நம் எழுத்தாளர்களில் எத்தனையோ பேருக்கு ரெசிடென்சி வீட்டிலேயே இருந்திருக்கிறது. காப்பி வாசலுக்கு வந்தது. குழந்தையின் அழுகை பின்கட்டோடு நின்றது. அதற்கு விண்ணப்பமோ விசாவோ தேவைப்படவில்லை. சல்மா திருமணத்துக்குப் பின் இரவில் கழிவறையில் ஒளிந்து எழுதினார். பெண்ணுக்கு அந்தக் கூடை கிடைக்கக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

மாமியாரிடம் நான் கடைசியாகத்தான் சொன்னேன். “ஒன்னரை மாசமா?” என்றார். சற்று நேரம் கழித்து, “அங்க உனக்கு யாரு ஆக்கிப் போடுவா?” என்று கேட்டார். இத்தனை பேரில் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அங்கேயே தருவார்கள் அத்தை என்றேன்.

“ஆக்குறது பொம்பளையா?”

“இருக்கலாம்.”

“அந்தப் பிள்ளைக்கு யாரு லீவு குடுப்பா?”

ஐம்பத்திரண்டு வருடம் இந்த வீட்டுக்கு ஆக்கிப் போட்டவரின் கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. “போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன் அத்தை” என்றேன்.

பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. பொடி இடித்து வைக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டவில்லை. பத்து நாளாக அத்தைக்கு இன்சுலின் போடுவது அவர்தான். முதல் நாள் அத்தை மகனிடம் கையை நீட்டத் தயங்கினார்; இப்போது நேரமானால் அவரே கூப்பிடுகிறார். அங்கே போய் இறங்கியதும் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, முதலில் சமையலறைக்குப் போக வேண்டும். ஆக்குகிறவர் பெயரைக் கேட்க வேண்டும்.