கடைசி நாள் கைதட்டல்

ஒருவர் தம் பணியினின்று விலகும் நாளில்தான் அவருடைய அருமையை நாம் அனைவரும் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறோம். அதுவரை அவரைக் குறை கூறியவர்களும் அன்றைக்கு மாலையோடு வந்து நிற்பார்கள். மேடையிலே பொன்னாடைகள் குவியும், புகழுரைகள் நீளும். இவையெல்லாம் வெறும் வேடம் என்று நாம் சொல்ல வரவில்லை. பிரிவு மனத்தை இளக்குகிறது. இளகிய மனம் நன்றியை நினைக்கிறது. அது நல்லதே. ஆயினும் அந்த ஒரு நாள் நன்றி போதுமா என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு நம் நாட்டுக் கால்பந்தாட்ட வீரர் சுனில் சேத்ரி விடைபெற்ற நிகழ்ச்சி நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

2024-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவின் சால்ட் லேக் விளையாட்டரங்கில் இந்தியாவும் குவைத்தும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. இந்திய அணிக்காகத் தாம் ஆடும் இறுதி ஆட்டம் அதுவே என்று சேத்ரி மே மாதம் 16-ஆம் நாளன்றே அறிவித்துவிட்டார். ஆகவே அன்று அரங்கில் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர் திரண்டனர். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு பெரும் கழகங்களின் பெயரால் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து நிற்கும் நகரம் அது. அன்றோ அந்த வேற்றுமை மறைந்தது. இரு கழகங்களுக்கும் ஆடியவர் சேத்ரி. அதற்கும் மேலாக, மோகன் பகானின் முன்னாள் வீரர் சுப்ரதா பட்டாச்சார்யாவின் மகளை மணந்ததால் அந்நகரின் மருமகனும் ஆவார். ஆட்டம் முடிந்ததும் சக வீரர்கள் இரு வரிசையாக நின்று அவரை வாழ்த்தினர். கூப்பிய கைகளோடு அவர் மைதானத்தைச் சுற்றி வந்தார். அவர் கண்களிலும் நீர். கூட்டத்தின் கண்களிலும் நீர்.

அன்றிரவு மகாராஜபுரத்தில் நம் இளைஞர் சிலர் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்து இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாமும் அவர்களோடு அமர்ந்தோம். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஒரு சிறுவன் நம்மை நோக்கி, "சாமி, ஒரு கோல்கூட விழல. நாம ஜெயிக்கவும் இல்ல. பெறகு எதுக்கு இத்தனை பேரு அழுறாங்க?" என்று கேட்டான். கேள்வி எளியதுதான். ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் பத்தொன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சேத்ரி 1984-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை இராணுவத்தில் பணியாற்றியதால் ஊர் ஊராக மாறி வளர்ந்தவர். 2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாகிஸ்தானின் குவெட்டா நகரில் முதன்முதலாக இந்திய அணிக்கு ஆடினார். அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். அன்று தமக்குக் கிடைத்த சட்டை முழுவதும் வாசனைத் திரவியம் தெளித்துக்கொண்டதைத் தம் ஓய்வு அறிவிப்பிலே அவர் நினைவுகூர்ந்தார். இருபது வயது இளைஞனின் அந்தப் பெருமிதம் எவ்வளவு அழகானது! 2008-இல் டெல்லியில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்தார். அவ்வெற்றியால் இந்தியா இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி பெற்றது. விடைபெற்ற அன்று அவர் கணக்கு 151 ஆட்டங்கள், 94 கோல்கள். நாட்டு அணிக்காக அவரைவிட மிகுதியாகக் கோல் அடித்த ஆடவர் அன்றைக்கு உலகிலேயே மூவர்தாம்: ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி. உலகக் கோப்பையையே கண்டிராத ஓர் அணியின் வீரர் அந்த வரிசையில் நின்றார் என்பது சிறிய செய்தியன்று.

இவ்வளவு சொன்ன பிறகும் சிறுவனின் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிடவில்லை. வேறொரு நாளையும் சொன்னால்தான் அது நிறைவுறும்.

2018-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மும்பையில் இந்தியா சீன தைபே அணியோடு ஆடியது. இந்தியா ஐந்து கோல் அடித்து வென்றது. அவற்றுள் மூன்று சேத்ரி அடித்தவை. பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொளி வழியாக நாட்டு மக்களிடம் மன்றாடினார். எங்களைத் திட்டுவதானாலும் அரங்கிற்கு வந்து திட்டுங்கள், எங்கள் முகத்திற்கு நேரே கத்துங்கள், ஆனால் வாருங்கள் என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். நாட்டின் அணித் தலைவர் ஒருவர் பார்வையாளர்க்காக இப்படிக் கையேந்த நேர்ந்ததே! அவர் குரல் வீண்போகவில்லை. ஜூன் 4-ஆம் நாள் கென்யாவுடன் நடந்த ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. மழையிலே நனைந்தபடி மக்கள் நின்றனர். அது சேத்ரியின் நூறாவது ஆட்டம். அன்று அவர் இரண்டு கோல்கள் அடித்தார்.

இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விடைபெறும் நாளில் வெற்றியில்லை; கூட்டமோ 59 ஆயிரம். வெற்றி பெற்ற சாதாரண நாளில் 2,569. கொல்கத்தாவில் கண்ணீர் விட்டவர்களை நாம் குறை கூறவில்லை. கால்பந்தை உயிராக நேசிக்கும் மக்கள் அவர்கள். ஆனால் மும்பையில் யாரும் அழைக்காமல், மாலையும் மேளமும் இல்லாத ஒரு நாளில், சீட்டு வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்த அந்த 2,569 பேர் செலுத்திய மரியாதைக்கு ஈடு எது?

இவ்வாறு நாம் பேசிக்கொண்டிருந்தபோது, அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் வாய் திறந்தார். இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றிலே நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். "எனக்கும் கடைசி நாள்ல மாலை போட்டாங்க சாமி. சால்வை, வெள்ளி விளக்கு எல்லாம் குடுத்தாங்க. சந்தோஷந்தான். ஆனா நெஞ்சுல நிக்கிறது அது இல்ல. ஒரு நைட் ஷிப்டுல எனக்குக் காய்ச்சல். நூல் அறுந்துக்கிட்டே இருக்கு. பக்கத்து மிஷின்காரரு கேக்காமலே வந்து ஒட்டிக் குடுத்தாரு பாருங்க, அதுதான் இன்னும் நிக்குது" என்றார். சிறுவர்கள் சற்று நேரம் பேசாதிருந்தனர். நாமும் அதற்கு மேல் விளக்கம் தேவையெனக் கருதவில்லை.

பெருவீரர் விடைபெறும்போது மக்கள் நெகிழ்வது எந்த நாட்டிலும் உள்ளதுதான். ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தைக்கொண்டு ஆடும், அந்நாட்டுக்கே உரிய கால்பந்தாட்டம் ஒன்று உண்டு. அதில் ஒரு பெருவீரர் ஓய்வு பெறும்போது, உடன் ஆடியவர்கள் அவரைத் தோளிலே சுமந்துகொண்டு வெளியேறுவது வழக்கம். 2013 நவம்பரில் மும்பையில் சச்சின் டெண்டுல்கர் தம் இருநூறாவது டெஸ்டோடு விடைபெற்றபோது, ஆடுகளத்தைத் தொட்டு வணங்கிச் சென்றதை நம் வாசகர் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். நம் தமிழகத்து அஸ்வினுக்கோ அத்தகைய விழா ஏதும் அமையவில்லை. 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் வீழ்த்திய அவர், 2024 டிசம்பர் 18-ஆம் நாள் பிரிஸ்பேனில் தம் சர்வதேச ஓய்வை அறிவித்துவிட்டு, மறுநாளே சென்னை திரும்பினார். அவருக்கு மாலையும் மேளமும் காத்திருந்தது வீட்டு வாசலில்தான். பெற்றோர் தழுவிக்கொண்டனர், சுற்றியிருந்தோர் வாழ்த்தினர். அரங்கம் கொடுக்காத விடையை வீடு கொடுத்தது.

சேத்ரியின் கதையில் இன்னுமொரு பகுதி உண்டு. அதுவே நம்மை மிகவும் சிந்திக்க வைக்கிறது. கொல்கத்தாவில் அத்தனை கண்ணீரோடு வழியனுப்பப்பட்டவர், ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 மார்ச்சில் மீண்டும் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டார். வயது நாற்பது. கோல் அடிக்க ஆளில்லாமல் அணி தவித்ததே காரணம். ஷில்லாங்கில் மாலத்தீவு அணிக்கு எதிராக அவர் ஆடினார். இந்தியா 3-0 என வென்றது. ஒரு கோல் அவருடையது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதனுள்ளே ஒரு வருத்தமும் இருக்கிறது. 59 ஆயிரம் பேரின் கைதட்டல் ஒரு வீரரை வாழ்த்தலாம். அடுத்த வீரரை உருவாக்க அதனால் இயலாது. அவர் எங்கோ ஒரு பொட்டலில், பார்க்க ஆளில்லாத மாலை வேளையில், தேய்ந்த பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்க்க இன்று யார் போகிறார்கள்?

ஆகவே, அன்புள்ள பெற்றோரே, நம் ஊர்ப் பிள்ளைகள் மாலையில் ஆடும் இடத்திற்கு ஒரு நாளேனும் சென்று நில்லுங்கள். கோப்பை வாங்கி வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டா. தோற்று வரும் நாளில் ஒரு குவளை மோர் கொடுங்கள். ஆட்டம் மட்டுமன்று, வீடும் அப்படியே. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய்க்கும், கடைசிப் பேருந்தில் களைத்து வரும் தந்தைக்கும், எழுத்துச் சொல்லித் தரும் ஆசிரியைக்கும் நாம் சொல்ல வேண்டிய நல்ல சொல்லைப் பிரிவுபசார மேடைக்கென்று சேர்த்து வைப்பானேன்? மாலை வாடிவிடும், வெள்ளி விளக்கு அலமாரியில் கருத்துப்போகும். வேலை நடக்கும்போது அருகே வந்து நின்றவரின் முகம் மட்டும் நெடுநாள் மறவாது நிற்கும்.