பதினெட்டு அடி நீளம்

என் மனைவியின் இடது முழங்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2016 மார்ச்சில் அதை அறுத்து, உலோகமும் பிளாஸ்டிக்குமாக ஒரு மூட்டு வைத்தார்கள். சரியாகத்தான் வைத்தார்கள். ஆனால் எங்களிடம் அப்போதிருந்த சின்ன ஜப்பானியக் காரில் ஏறி உட்காருவதற்கு எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவு அது மடங்க மறுத்தது. முதலில் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்த மாதிரி உட்காருவாள். பிறகு காலை இரண்டு கைகளாலும் தூக்கி, ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல் உள்ளே வைப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்காமலிருக்க, நான் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்கிற பாவனையில் இருப்பேன்.

உயரமான வண்டிகளையும் பார்த்தோம். இப்போது அமெரிக்காவில் எல்லோரும் வாங்குவது அவற்றைத்தான். அவற்றில் ஏற வேண்டும். எங்கள் காரில் இறங்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரக்கூடிய ஒன்று. அவளே கண்டுபிடித்தாள். உடற்பயிற்சிக்குப் போகிற இடத்தில் ஒரு கிழவர் தினமும் ஒரு பெரிய கறுப்புக் காரில் வருவார். கதவைத் திறந்து, அப்படியே எழுந்து நிற்பார்.

“அது மாதிரி ஒண்ணு பாருங்களேன்.”

“எது?”

“அதான், அந்தக் கப்பல்.”

அது லிங்கன் டவுன் கார். கடைசியாகச் செய்யப்பட்டது 2011ல். புதிதாக வாங்க முடியாது.

நான் டெட்ராய்டுக்குப் படிக்க வந்தது 1981ல். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அன்றிலிருந்து நான் வாங்கிய கார்கள் ஐந்து. ஐந்தும் ஜப்பான், ஐந்தும் சிறியவை. கேட்டவர்களிடம் பெட்ரோல் மிச்சம், பழுது குறைவு என்று சொல்வேன். இரண்டும் உண்மை. என் போன்று இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்களுக்குப் பெரிய கார் என்றால் ஒரு இளக்காரமும் உண்டு; அதையும் எளிமை என்ற பெயரில் சேர்த்துக்கொள்வேன். ஆனால் சின்னக் கார் எனக்கு ஒரு கைப்பெட்டி. ஊருக்குக் கிளம்புகிறவன் பீரோ வாங்குவதில்லை.

டெட்ராய்டில் ஜப்பானியக் கார் ஓட்டுவது அந்த நாட்களில் சாதாரண காரியம் இல்லை. வெளிநாட்டுக் கார்கள் நிற்கக்கூடாது என்று பலகை வைத்த இடங்கள் இருந்தன. 1982 ஜூனில், டெட்ராய்டுக்குள்ளேயே ஒரு தீவுபோல இருக்கும் ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ட் சின் என்ற 27 வயதுச் சீன அமெரிக்கரை இரண்டு பேர் பேஸ்பால் மட்டையால் அடித்தார்கள். அடித்தவர்களில் ஒருவர் கார்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மற்றவர் அவருடைய மனைவியின் மகன், வேலை இழந்தவர். உங்களால்தான் எங்களுக்கு வேலை போகிறது என்று கத்தியதாகச் சாட்சி இருந்தது. அவர் ஜப்பானியரே இல்லை. நான்கு நாள் கழித்து இறந்தார். மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை கிடையாது. அந்த வருஷம்தான் நான் என் முதல் காரை வாங்கியிருந்தேன். நான் சீனன் மாதிரியும் இல்லை, ஜப்பானியன் மாதிரியும் இல்லை என்று சொல்லித் தேற்றிக்கொண்டேன். ஆனால் கார் இருந்தது. பல மாதங்கள் அதைத் தொழிற்சாலைப் பக்கம் கொண்டுபோகாமல் சுற்றுவழியில் ஓட்டினேன்.

விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு போன வீடு அப்படி ஒரு தொழிற்சாலைக்காரருடையது. விக்ஸம் ஆலையில் வேலை பார்த்தவர். 1957ல் திறந்து 2007ல் மூடிய ஆலை. லிங்கன் கார்கள் அங்கேதான் உருவாயின. மூடியபின் டவுன் காரைக் கனடாவில் செயின்ட் தாமஸ் ஆலைக்குக் கொண்டுபோய்க் கடைசி நான்கு வருஷம் செய்தார்கள். விக்ஸம் கட்டடத்தையே பிறகு இடித்துவிட்டார்கள். அவர் அங்கே கதவு பொருத்துகிற பகுதியில் இருந்தாராம். ஓய்வு பெறும் வருஷத்தில், 2004ல், அங்கே செய்த ஒன்றையே வாங்கியிருக்கிறார். போன குளிர்காலத்தில் இறந்துபோனார். இதெல்லாம் அவர் மனைவி வாசலில் நின்றபடியே சொன்னது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பார்வை எங்கள் காரிலிருந்து என் மனைவி இறங்குவதில் இருந்தது. இறங்கி முடிகிறவரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். பிறகு, “என் கணவர் இருந்திருந்தால் இந்தக் காரை இங்கே நிறுத்த விட்டிருக்கமாட்டார்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். 34 வருஷம் கழித்து அந்தச் சுற்றுவழி முடிந்து, நேராக அந்த வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

கார் வெள்ளி நிறம். 62,000 மைல் ஓடியிருந்தது. நீளம் 215 அங்குலம், ஏறக்குறைய 18 அடி. ஒரு காலத்தில் இதுவே சுருங்கிய அளவு. 1979ல் லிங்கனின் பெரிய கார் 233 அங்குலம். 1973 எண்ணெய்த் தடை, 1975ல் வந்த எரிபொருள் சட்டம் எல்லாம் சேர்ந்து அதைக் குறுக்கின. ஆனால் கட்டுமானத்தை மாற்றவில்லை. லாரிக்குப் போல சேஸிஸ் தனி, அதன்மேல் பாடி தனி. எட்டு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கரங்கள் இழுக்க அல்ல, தள்ள. மற்ற கார்களெல்லாம் இந்த முறையைக் கைவிட்டபிறகும் டாக்ஸிக்காரர்களும் போலீஸும் சவ அடக்கக்காரர்களும் விடாமல் வாங்கியதால் இந்த வகை பிழைத்துக் கிடந்தது. டவுன் காரை நீட்டித்தான் பெரும்பாலான கல்யாண லிமோசின்களைச் செய்தார்கள். நியூயார்க்கில் ஒரு காலத்தில் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போன கறுப்புக் கார்களில் பெரும்பகுதி இதுதான். ஓட்டியவர்களில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய. 2020க்குப் பிறகு லிங்கன் என்ற பெயரில் அமெரிக்காவில் இந்த மாதிரித் தாழ்ந்த கார் எதுவும் விற்பனைக்கு இல்லை.

இங்கே பழைய கார் வாங்குகிறவன் மேலே பார்க்கக்கூடாது, கீழே பார்க்க வேண்டும். டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்துச் சேஸிஸை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றால் இரும்பு, பொத்தென்றால் துரு. குளிர்காலத்தில் சாலைகளில் பனி உருக உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், டெட்ராய்டுக்கு அடியிலிருந்தே. நகரத்துக்குக் கீழே 1,100 அடிக்கும் அதிகமான ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டுகிறார்கள். மேலே காரைச் செய்கிற ஊர், அதைத் தின்கிறதையும் கீழேயிருந்து எடுத்துத் தெருவில் தூவுகிறது. இதை ஒரு கவிஞர் எழுதினால் வலிந்து செய்த படிமம் என்று நானே குறை சொல்லியிருப்பேன். கார் கணீரென்றது. அவர் ஒவ்வொரு வசந்தத்திலும் அடிப்பகுதியைக் கழுவுவாராம்.

ஒரே குறை, வயசினால் வந்தது. பின்சக்கரங்களுக்கு மேல் எஃகுச் சுருளுக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள். ரப்பர் இறுகிப்போய், ராத்திரி முழுக்க நின்றால் காற்று கசிந்து பின்பக்கம் தணிந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன கம்ப்ரஸர் முனகி, மெதுவாக எழுப்பும். அந்த அம்மாள் இதை மறைக்கவில்லை. “காலையில் எழ அதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்” என்றார். என் மனைவி அதைக் கேட்டுத் தலையாட்டினாள்.

அவர் கேட்டது 4,500 டாலர். புதிதில் ஏறக்குறைய 40,000 இருந்திருக்கும். பழக்கதோஷத்தில் நான் 4,000 என்றேன்.

“சும்மா இருங்க” என்றாள் என் மனைவி தமிழில். “புருஷன் போன வீட்டுல வந்து நின்னுக்கிட்டுப் பேரம் பேசறீங்களே.”

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்கு என்ன கிடைத்தது என்று புரிந்துவிட்டது. 4,500க்கே முடிந்தது.

ரோலான் பார்த் 1957ல் வந்த தன் கட்டுரைத் தொகுப்பில் அப்போதைய சித்ரோயன் கார் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கார்களைக் கோதிக் தேவாலயங்களோடு சேர்த்துப் பேசுகிற கட்டுரை அது. நம் விமர்சகர்கள் பலருக்கும் பிடித்தமானது. எனக்கும்தான். ஆனால் அவர் பேசுவது கண்காட்சியில் வைத்த புதுக் காரை, கூட்டம் தொட்டுப் பார்க்கிற காரை. 12 வருஷம் கழித்து அதை வாங்க வருகிறவனைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அந்தஸ்து முழுவதும் முதல் உடைமையாளரோடு தீர்ந்துபோயிருக்கும். என் வயதுக்காரர்கள் இதைக் கிழவர்கள் வண்டி என்பார்கள். இளைஞர்கள் சவ வண்டி என்பார்கள். யாரும் பொறாமைப்படப் போவதில்லை. மிஞ்சுவது அகலமும் மெத்தையும் சத்தமின்மையும். இதைத்தான் நான் 35 வருஷமாகப் பகட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பகட்டு இதன் மேலே பூசியிருந்தது. அடியில் முழங்காலுக்கு இடம் இருந்ததை, முழங்கால் போகிறவரை நான் கவனிக்கவில்லை.

மூன்று பேருமாக அந்தக் காரிலேயே பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன், பெடல் எட்டவில்லை. கதவில் 1, 2 என்று எண் போட்ட இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டை அழுத்தச் சொன்னார் அந்த அம்மாள். சீட் முன்னால் நகர்ந்து, உயர்ந்து, கண்ணாடிகள் தாமாகத் திரும்பின. அது அவருடைய அளவு. எனக்குப் பொருந்தியது. ஒன்று யாருடையது என்று நான் கேட்கவில்லை.

முன்சீட் ஒரே பெஞ்சு மாதிரி, கியர் ஸ்டியரிங் பக்கத்தில். என் மனைவி உட்கார்ந்தாள். காலைத் தூக்கவில்லை; கால் அவளோடு வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, “நம்ம அம்பாஸடர் மாதிரி இருக்கு” என்றாள். அம்மாள் பின்னால். அலுவலகம் வரை அவர் எதுவும் பேசவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது, “நான் இங்கே உட்கார்ந்ததே இல்லை” என்றார். “இங்கே எவ்வளவு இடம் இருக்கிறது.”

உடைமைப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டார். நான் ஆறு சதவீத வரி கட்டினேன். மிஷிகனில் நம்பர் பிளேட் காருக்கு இல்லை, ஆளுக்கு. வெளியே வந்து என் பழைய பிளேட்டை மாட்டுவதற்காக அவருடையதைக் கழற்றிக் கொடுத்தேன். கைக்குட்டையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கதவை மூடும்போது கொஞ்சம் அழுத்தித் தள்ளிப் பார்த்தார், கதவு பொருத்துகிறவரின் மனைவி.

எங்கள் கராஜில் கார் நுழையவில்லை. நுழைந்தது, ஆனால் கதவை இறக்க முடியவில்லை. ஒன்றரை அடி வெளியே நின்றது. பின்சுவரை ஒட்டி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப்போக என்று வருஷாவருஷம் சேர்த்தவை. பிரிக்காத மிக்ஸி, 110 வோல்ட்டில்தான் ஓடும். என் தம்பி பிள்ளைகளுக்கு வாங்கிய கம்பளிச் சட்டைகள்; அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள். அடியில் 1981ல் கொண்டுவந்த தகரப் பெட்டி, பூட்டோடு.

என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொல்வாள் என்று நினைத்தேனோ அதைச் சொல்லவில்லை. “எல்லாம் டிக்கியில போகுமா?” என்றாள்.

பதினோரு பெட்டிகளும் போயின. தர்மத்துக்குப் பழைய சாமான் வாங்கும் கடை ஐந்து மணிக்கு மூடிவிடும். தகரப் பெட்டியை மட்டும் அவள் வேண்டாமென்று எடுத்து வைத்துக்கொண்டாள், செடி வைக்கலாம் என்று. பின்பக்கம் நன்றாகத் தணிந்திருந்தது. சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தோம், அது முனகிக்கொண்டு எழுகிறவரை.