புளித்த ரீல்களோடு ஒரு கோடை

ஏப்ரல் 4, ராசிபுரம்

ஊருக்கு வெளியே பல வருஷமாகப் பூட்டிக்கிடக்கும் தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள். ஆபரேட்டர் அறைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்ன அறையில் படப்பெட்டிகள் கிடப்பதாக இடத்துக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே நெடுங்காலம் புரொஜெக்டர் ஓட்டிய அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததுமே புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் வாய்க்காலைத் தாண்டும்போது வருமே, அந்த நெடி.

"மோந்து பார்த்தாலே தெரியுதுங்க டீச்சரம்மா, பிலிம் கெட ஆரம்பிச்சிருச்சு. இங்கயே பிரிக்க வேண்டாம். டப்பாவோட வெளிய எடுத்துட்டுப் போயிரலாமுங்க" என்றார் அண்ணன்.

முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். அந்த நெடி எதனுடையது என்று எனக்குத் தெரியும். பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். ஈரமும் சூடும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். உண்டான அமிலமே அடுத்த சிதைவை விரைவாக்கும். ஒரு டப்பாவில் தொடங்கினால் பக்கத்து டப்பாவையும் பிடித்துக்கொள்ளும். 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த புது பிலிமே சுமார் 40 ஆண்டில் புளிக்கத் தொடங்கும் என்று அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள ஆய்வகம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. நம் பக்கத்துக் கோடையில் தகரத்துக்கு அடியில் கிடந்த ரீல்களுக்கு அந்த 40 ஆண்டு ஏது?

சாயங்காலம் வரை தாழ்வாரத்து நிழலில் உட்கார்ந்து டப்பாக்களைத் துடைத்தோம். பெரும்பாலும் கலர் பிரிண்ட்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வானம், முகம், சேலை எல்லாமே ஒரே செம்மையாக இருந்தன. பழைய ஈஸ்ட்மன் கலரில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுக்கும். அது போனபின் மிஞ்சுவது இந்தச் சிவப்பு. அடியில் ஒரு கறுப்பு வெள்ளை ரீல். ஓரத்தில் 'இந்து' என்று அச்சாகியிருந்தது. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் சரக்கு. படத்துக்கு முன்னால் கட்டாயமாகப் போட்ட அரசுச் செய்திப்படங்களில் ஒன்று என்றார் அண்ணன். பெயர் வரும் முன்பகுதியைக் காணவில்லை.

ஏப்ரல் 9, சேலம்

ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவு வளைவைப் பார்க்கிறேன். இன்று வண்டியை ஓரங்கட்டிச் சற்று நேரம் நின்றேன். திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, 1930-களின் நடுவில் மலையடிவாரத்தில் எழுப்பிய ஸ்டுடியோ. அதன் முதல் படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938-இல் இங்கே உருவானது. முழுக்கக் கலரில் வந்த முதல் தமிழ்ப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), கலரில் வந்த முதல் மலையாளப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) இரண்டும் இவர்களுடையவை. இரண்டையும் இயக்கியவர் சுந்தரமே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மிச்சம் நிற்பது இந்த வளைவு.

ஆனால் வளைவைவிடப் பெரிய இழப்பு வேறு. 'பாலன்' படத்தின் பிரிண்ட் ஒன்றுகூட இன்று இல்லை. ஒரு மொழியின் முதல் பேசும்படம் சேலத்தில் பிறந்தது, அதைப் பார்க்க வழியில்லை. அந்த வளைவைப் பாதுகாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் படச்சுருளைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டும். கட்டடம் படம் எடுத்த இடம். படமோ சுருளில்தான் இருந்தது.

இங்கே படப்பிடிப்பு அரங்குகளோடு பிலிம் கழுவச் சொந்தமாக லேபும் இருந்தது. ஆசிரியர் புத்தி எனக்கு, உடனே தண்ணீரின் சூட்டைப் பற்றித்தான் யோசித்தேன். கறுப்பு வெள்ளை நெகட்டிவைக் கழுவும் டெவலப்பர் 20, 21 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்கு வெகுவாக மேலே போனால் அந்தக் காலத்து பிலிமின் மேல் பூசிய ஜெலட்டின் ஊதி இளகிவிடும். கோடைக்காலச் சேலத்தில் குழாய்த் தண்ணீரே கையைச் சுடுகிறது. குளிரூட்டிய தண்ணீர் இல்லாமல் இங்கே பிலிம் கழுவுவது பெரும்பாடாக இருந்திருக்கும். அந்த இருட்டறையில் நின்று தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் பெயர் பெரும்பாலும் டைட்டில் கார்டில் வந்ததில்லை.

ஏப்ரல் 21, சென்னை

நாமக்கல்லில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இங்கே ஒரு லேபில் ஸ்கேனிங் பிரிவில் இருக்கிறார். ரொம்பக் கெடாத இரண்டு ரீல்களைச் சோதனைக்காகக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"உடனே மாட்டிடக் கூடாது டீச்சர். முதல்ல இதுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

டப்பாவுக்குள் நீலத் தாள்துண்டு ஒன்றைப் போட்டு ஒரு நாள் மூடி வைத்தார்கள். அமிலம் ஏற ஏற அது நீலத்திலிருந்து பச்சைக்கும், பிறகு மஞ்சளுக்கும் மாறும். பிறகு சுருக்கம் அளந்தார்கள். பழைய பிலிம் நீளத்தில் குறுகும். நூற்றுக்கு ஒரு பங்கு குறுகினாலே ஸ்பிராக்கெட் துளைகள் பல்சக்கரத்தோடு பொருந்தாமல் கிழியும். அதனால்தான் நல்ல மனசோடு பழைய ரீலைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். இன்றைய ஸ்கேனர்கள் பலவற்றில் பல்சக்கரமே கிடையாது. உருளைகள் மென்மையாக இழுக்கின்றன, துளை எங்கே இருக்கிறது என்பதைக் கேமராவே பார்த்துக்கொள்கிறது.

பழைய ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிதாக ஒட்டுவதற்கே ஒரு பெண் முழு மதியமும் எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பருத்திக் கையுறை, கீழிருந்து வெளிச்சம் வரும் மேசை, கைச்சுழற்சியில் ஓடும் ரீல். அந்த அறையில் கணினியைவிட விரல்தான் அதிகம் வேலை செய்கிறது. இதைப் பார்க்காதவர்கள் 'டிஜிட்டல்' என்றால் பொத்தானை அமுக்கும் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஸ்கேனரில் ஒரு பிரேம் நிற்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்இடி விளக்குகள் தனித்தனியே மின்னுகின்றன. கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒரு முறை. கலர் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுக்காமல் விட்டுவிடும். தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே அந்த நான்காவது படத்தில் அழுக்கு மட்டும் கறுப்பாகப் பதிகிறது, எங்கே துடைக்க வேண்டும் என்பதற்கான வரைபடம் கிடைத்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் இந்த வழி செல்லாது. அங்கே படமே உலோக வெள்ளி. வெள்ளி அகச்சிவப்பையும் மறித்துவிடும்.

தியேட்டரில் 'மழை பெய்யுது' என்று கத்துவோமே, அந்தக் கோடுகளுக்கு ஈர வழி ஒன்று உண்டு. பிலிம் அடித்தளத்தைப் போலவே ஒளியை வளைக்கும் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்தால், கீறலுக்குள் திரவம் நிரம்பி, ஒளி சிதறாமல் நேரே போகும். கோடு மறைந்துவிடும். அதற்குப் பயன்படுவது பெர்குளோரோஎத்திலீன், டிரை கிளீனிங் கடைகளில் இருக்கும் அதே கரைப்பான். மூச்சுக்கு நல்லதல்ல, காற்றை உறிஞ்சும் அமைப்பு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. படம் பதிந்த பக்கமே ஆழமாகச் சுரண்டப்பட்டிருந்தால் இதுவும் உதவாது. உதிர்ந்த படம் போனதுதான்.

திரையில் நம் செய்திப்படம் வந்தது. ஏற்றக் கிணறு, இரண்டு மாடு, பக்கத்தில் புது பம்ப்செட்டைத் தொட்டுப் பார்க்கும் ஒரு பெரியவர். மாட்டின் திமில் மேல் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. தியேட்டரில் இதை யாரும் இப்படிப் பார்த்திருக்க முடியாது.

ஏப்ரல் 22, சென்னை

காலையில் மாணவரோடு பழைய கழுவும் பிரிவு இருந்த பக்கம் போனேன். சென்னை லேப்களில் இந்த எந்திரங்கள் 2010-களில் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கேதான் இருந்தாராம். இப்போது தரையில் ஓடுகளும், நீர் வெளியேறும் சால்களும் மட்டும்.

கலர் நெகட்டிவ் கழுவும் முறையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். வெளிநாட்டு லேப்களில் இன்றும் அதே முறைதான். முதலில் பிலிமின் முதுகில் பூசியிருக்கும் கரிப்பூச்சைக் காரக் கரைசலில் ஊறவைத்துத் தண்ணீர்த் தாரையால் எடுக்க வேண்டும். கேமராவுக்குள் ஒளி பின்னாலிருந்து தெறிக்காமல் தடுக்கும் பூச்சு அது. கோடக் சமீபத்தில் அதைக் கைவிட்டு வேறு அடுக்குக்கு மாறியிருக்கிறது. பிறகு டெவலப்பர், 41.1 டிகிரியில் 3 நிமிடம். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் கவலைப்பட வேண்டும். நிறுத்தும் அமிலம், வெள்ளியைத் திரும்ப உப்பாக்கும் ப்ளீச், உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்சர், கழுவல், உலர்த்தல்.

"தினமும் காலையில சோதனைத் துண்டு ஒண்ணைக் கழுவி, ஒவ்வொரு படியும் எவ்வளவு கறுத்திருக்குன்னு அளந்து வரைபடத்துல கோடா குறிப்போம் டீச்சர். கோடு கொஞ்சம் விலகினாலும் சீஃப் எந்திரத்தை ஓட்ட விடமாட்டார். உள்ள போறது யாரோ வயித்தைக் கட்டி எடுத்த படம்பார்."

அந்தச் சோதனைத் துண்டுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கழுவும்போது நெகட்டிவில் பதியாத நிழல், எத்தனை லட்சம் ரூபாய் ஸ்கேனரிலும் வராது. ஸ்கேனர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் ஒரு லேப்காரர் ஒழுங்காகக் கழுவி விட்டுப்போனதைப் படித்துக் காட்டுகிறது. சேலத்து லேபும் சென்னை லேபும் செய்த வேலையின் தரத்தை நாம் இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறோம்.

மே 2, சேலம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய எக்ஸ்ரே பிலிமையும் சினிமா பிலிமையும் வெள்ளிக்காக வாங்குகிறவர்கள் ஒரு காலத்தில் வந்துபோவார்கள் என்றார் அவர். கறுப்பு வெள்ளை ரீல் ஒவ்வொன்றிலும் வெள்ளி உண்டு என்பது உண்மை. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) இன்று இல்லாமல் போனதற்கும் வெள்ளிக்காக ரீலை விற்றதுதான் காரணம் என்று திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்த பி.கே.நாயர் சொல்லியிருக்கிறார். 1964-இல் புனேயில் அந்தக் காப்பகம் தொடங்குவதற்குள் எத்தனையோ ரீல்கள் உலையில் உருகிவிட்டன.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 பிரேம். 1,000 அடி ரீலில் 16,000 பிரேம், ஓடுவது 11 நிமிடம். 4கே அளவில் ஒரு பிரேம் சுமார் 51 மெகாபைட். ஒரு ரீல் 816 ஜிகாபைட். 14 ரீல் படமென்றால் 11 டெராபைட்டைத் தாண்டும். இதைக் காந்த நாடாவில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வைக்க வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை புது நாடாவுக்கு மாற்றவும் வேண்டும், ஏனென்றால் புது எந்திரம் ஓரிரு தலைமுறைக்கு மேல் பழைய நாடாவைப் படிக்காது. மாற்ற மறந்தால், அல்லது பணம் கட்ட ஆளில்லாமல் போனால், படம் போய்விடும். குளிர் அறையில் கிடக்கும் நெகட்டிவை அப்படிச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை. விளக்கும் லென்ஸும் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பார்க்கலாம்.

'ஸ்கேன் பண்ணியாச்சு, இனி ரீல் எதுக்கு' என்று கேட்கிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். அது தவறு. நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வரும். அன்று திரும்பிப் போக ரீல்தான் வேண்டும்.

மே 11, ராசிபுரம்

மிச்சமிருந்த டப்பாக்களை அண்ணன் தன் வீட்டு வடக்குப்பக்க அறைக்கு மாற்றிவிட்டார். புளித்தவை ஒரு மூலை, நல்லவை வேறு மூலை. ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எழுதியிருக்கிறார். "இதுக யாரு வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னு பார்த்துட்டு இருக்கனுங்க" என்றார். பட்டியல் தயாரித்துக் காப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கத்தில் பழைய தியேட்டரோ, டூரிங் டாக்கீஸ் சாமானோ, விநியோக ஆபீஸ் கிடங்கோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் ஒருமுறை தேடிப் பாருங்கள். டப்பா கிடைத்தால் தகரக் கூரையை விட்டு வெளியே எடுத்து, காற்றோட்டமான, வெயில் படாத அறையில் படுக்கை வசமாக வையுங்கள். புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். தண்ணீரால் துடைக்காதீர்கள். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய ரீலாக இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம், தீப்பிடித்தால் அணையாது. அதன் அருகே அடுப்போ விளக்கோ வேண்டாம். எடைக்குப் போடுவதற்கு முன் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கோ, மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்துகளையும் குறிகளையும் அப்படியே பார்த்து எழுதி அனுப்பினால், பிலிம் எந்தக் காலத்தில் தயாரானது என்பதை அவர்களால் கணிக்க முடியும்.