தள்ளிவைக்கப்பட்ட பந்தயம்: குல்மார்க்கிலிருந்து பாடாலூருக்கு ஒரு மடல்

குல்மார்க்,
2025 மார்ச் முதல் வாரம்.

பாடாலூர் நண்பருக்கு,

காஷ்மீரின் குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22 முதல் 25 வரை நடைபெறுவதாக இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் இரண்டாம் கட்டம், மலைச்சரிவுகளில் போதிய பனி இல்லாத காரணத்தால், தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்த நிலையில் தள்ளிவைக்கப்பட்டது. முதல் கட்டமாகிய ஐஸ் ஹாக்கியும் ஐஸ் ஸ்கேட்டிங்கும் லடாக்கின் லே நகரில் ஜனவரி 23 முதல் 27 வரை முறையாக நடந்து முடிந்திருந்தன. உறைபனித் தளத்தில் ஆடும் ஆட்டங்களுக்குக் கடுங்குளிர் இருந்தாலே போதும், சரிவில் ஆடுபவற்றுக்கோ வானத்திலிருந்து பனி இறங்கியாக வேண்டும். குல்மார்க்குக்கு ஒதுக்கப்பட்டவை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஸ்னோபோர்டுப் பந்தயத்தைக் காண்பதற்கென்றே தமிழ்நாட்டின் பாடாலூரிலிருந்து வந்த பயணி ஒருவர் எழுதும் மடல் இது. ஆதலால் இதில் பந்தயத்தைப் பற்றி இருப்பதைவிடப் பந்தயம் நடவாததைப் பற்றியே கூடுதலாக இருக்கும்.

ஸ்னோபோர்டு என்பது இரு கால்களையும் ஒரே பலகையில் பட்டைகளால் பிணைத்துக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பியபடி சரிவில் இறங்கும் ஆட்டம். காலுக்கொன்றாக இரண்டு நீண்ட சட்டங்களை மாட்டிக்கொள்ளும் ஸ்கீயிங்கிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகிறது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பென் என்பவர் தம் மகள்களின் விளையாட்டுக்காக இரண்டு ஸ்கீ சட்டங்களை ஒன்றாக இணைத்துச் செய்த பொம்மையே இதற்கு முன்னோடியாகக் கூறப்படுகிறது. அந்தப் பொம்மை வளர்ந்து, 1998-இல் ஜப்பானின் நகானோவில் ஒலிம்பிக் ஆட்டமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேகப் பந்தய வகையில், சரிவின் இருபுறமும் மாறிமாறி நடப்பட்ட, முக்கோணத் துணி கட்டிய கம்புகளை வளைந்து வளைந்து கடந்து, யார் குறைந்த நேரத்தில் அடிவாரம் சேர்கிறார் என்பதே கணக்கு.

இந்த வளைவுகள்தாம் பனியின் ஆழத்தை ஒரு நிபந்தனையாக்குகின்றன. ஆட்டக்காரர் பலகையைச் சாய்த்து அதன் இரும்பு விளிம்பைத் தரையில் பதித்தே திரும்புகிறார்; ஒருவர் திரும்பிய அதே இடத்தில் அடுத்தவரும், அவருக்கு அடுத்தவரும் திரும்புவதால் ஒவ்வொரு கம்பின் அடியிலும் பள்ளம் விழுகிறது. எனவே புதிதாக விழுந்த பனியை இயந்திரங்களால் மிதித்து இறுக்கி, இரவுக் குளிரில் கெட்டிப்படவிட்டு, ஓர் அடித்தளத்தை முதலில் உருவாக்க வேண்டும். அந்தத் தளம் கம்புகளைத் தாங்கவும் நூறு முறை கீறப்பட்டாலும் கரையாமல் நிற்கவும் வல்லதாக இருக்க வேண்டும். பார்வைக்கு வெள்ளையாக இருக்கும் சரிவெல்லாம் பந்தயச் சரிவு ஆகிவிடுவதில்லை. மேலோட்டமான பனியின் கீழே கல்லும் புல்வேரும் காத்திருக்க, வேகமாக வரும் பலகையின் விளிம்பு அதில் ஒருமுறை சிக்கினால், பதக்கம் போவது சிறிய இழப்பாகவும் முழங்கால் போவது பெரிய இழப்பாகவும் முடியும். இதை அறிந்தே, உலகக் கோப்பைப் பந்தயங்களை நடத்தும் பன்னாட்டு ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பு, போட்டிக்கு ஏறக்குறைய பத்து நாள்களுக்கு முன்பே அலுவலர்களைக் கொண்டு பனிச்சோதனை நடத்தி, நடத்தலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்கிறது.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி; அங்கிருந்து கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி முதலில் கோங்டூரிக்கும், பின்னர் அஃபர்வாட் மலையின் தோளில் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கும் ஏற்றிச் செல்கிறது. பிப்ரவரி நடுவில் இந்த உயரங்களுக்கு இடையே பருவங்களே மாறிக் கிடந்தன. மேலே வெண்மை இருந்தது. கீழே, கோடையில் கோல்ஃப் ஆடப்படும் மைதானத்தில், பழுப்பு நிறப் புல் திட்டுத் திட்டாகத் தலைகாட்டியது. பனிச்சறுக்கு வண்டியை, அதாவது பயணிகளை உட்கார வைத்துக் கயிறு கட்டி இழுக்கும் மரப்பலகையை, ஆள்கள் சேற்றின் மீது இழுத்துக்கொண்டிருந்தனர்; ஏறியமர்ந்திருந்தவர்கள் கொடுத்த காசுக்குப் பனி இல்லையே என்று முணுமுணுத்தனர். மலையடிவார ஊரான டாங்மார்க்கிலிருந்து ஏற்றி வந்த வாடகைக்கார் ஓட்டுநரோ, மேலே போனால் ‘ஃபுல் பனி’ என்று பாடாலூர்ப் பயணிக்கு உறுதியளித்து, அந்த உறுதிக்கும் சேர்த்தே கட்டணம் கேட்டார்.

காஷ்மீரின் குளிர்காலப் பனிக்கு ஆதாரம், மத்தியதரைக்கடல் பகுதியில் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தக் குலைவுகள். வானிலை நூல்கள் இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்கின்றன. நம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. உள்ளூர் மக்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்துள்ளனர்: டிசம்பர் 21-இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் சில்லாய் கலான், அதன்பின் இருபது நாள் சில்லாய் குர்த், கடைசியாகப் பத்து நாள் சில்லாய் பச்சா. முதல் நாற்பதில் விழும் பனியே கெட்டிப்பட்டு மலையில் தங்குகிறது. பின்னர் விழுவது, அளவில் எத்தனை மிகுதியானாலும், வெயிலேற ஏற விரைவில் உருகிவிடுகிறது. 2025-இல் அந்த முதல் நாற்பது பெரும்பாலும் வறண்டே கழிந்தது. 2024 ஜனவரியிலும் குல்மார்க் இவ்வாறே வெறும் புல்லாகக் கிடந்தது; ஆயினும் அவ்வாண்டு மாத இறுதியில் பனி இறங்கிவிட்டதால், பிப்ரவரி 21 முதல் 25 வரை போட்டிகள் தடையின்றி நடந்தன. நடந்துகொண்டிருந்தபோதே, அம்மாதம் 22-ஆம் நாள், அதே மலையில் பனிச்சரிவு ஏற்பட்டு ரஷ்ய நாட்டுச் சறுக்குவீரர் ஒருவர் உயிரிழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பனி குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

டாங்மார்க்கில் ஓர் உணவுக்கடையில் கிடைத்த மதிய உணவு, இந்த வறட்சியைப் பற்றிய வேறொரு கணக்கை முன்வைத்தது. வடக்கே வந்த நாள் முதல் ரொட்டியோடு மல்லுக்கட்டிய ஒருவருக்கு, காஷ்மீரிகளின் அன்றாட உணவு சோறே என்பது பெரிய ஆறுதல். சோற்றோடு ஹாக் என்னும் கீரை வந்தது. கடுகெண்ணெயில் மிளகாய் போட்டு நீர்க்க வேகவைத்த அந்தக் கீரையைப் பாடாலூரில் யாரும் கடைந்த கீரை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள், எனினும் சோற்றில் பிசைய அது ஒத்துழைத்தது. ஆட்டிறைச்சிக் குழம்பின் மணம் மட்டும் எங்கோ பழகியதாக இருந்தது. விசாரித்ததில், அதில் சேர்ந்திருப்பது பிரான் எனப்படும் சிறு வெங்காயம் என்றும், அதை மெல்லியதாக அரிந்து எண்ணெயில் சிவக்க வறுத்து அரைத்த விழுதுதான் வாஸ்வான் என்னும் இவர்களது திருமண விருந்தின் குழம்புகளுக்கு உயிர் என்றும் தெரியவந்தது. நம் பக்கத்துச் செட்டிகுளத்துக்காரர்கள் பட்டறை போட்டுக் காக்கும் சின்ன வெங்காயத்துக்கு இமயத்தின் மடியில் ஓர் உறவு இருக்கிறதென்பது, ஊர் நினைவில் வாடியவருக்கு எந்தப் பந்தயமும் தந்திருக்கக்கூடியதைவிட மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. பின்னால் வந்த நூன் சாய், அதாவது உப்பும் பாலும் சேர்த்து இளஞ்சிவப்பாகக் காய்ச்சிய தேநீர், அந்த மகிழ்ச்சியைச் சற்றே குறைத்தது. தேநீரில் உப்பைப் போடுவதற்கு ஒரு நாகரிகம் எத்தனை நூற்றாண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், நாக்கு ஒரே நாளில் இணங்காது.

பந்தயம் நின்றுபோனதைப் பற்றிக் கேட்டபோது கடைக்காரர் அதை ஒரு பொருட்டாகவே கருதவில்லை. ஜூன் மாதம் நாற்று நடும்போது வாய்க்காலில் வரும் நீர் இந்த மலைப்பனி உருகி வருவதே என்றும், தட்டில் இருக்கும் சோறும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே என்றும் அவர் சொன்னார். அவர் சொன்னது மிகையன்று. புதுப்பனி பத்து சென்டிமீட்டர் உருகினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது பொதுவான வாய்பாடு. அந்த நீர் மழைபோல் ஒரே நாளில் ஓடிவிடாமல், வசந்தம் முதல் கோடை வரை சிறிது சிறிதாக ஜீலம் ஆற்றுக்கும் ஊற்றுகளுக்கும் இறங்குகிறது. அதே பிப்ரவரியில் அனந்தநாக் மாவட்டத்தில், முகலாயர் தோட்டம் அமைத்துக் கொண்டாடிய அச்சபல் ஊற்று வற்றிப்போனது. பந்தயம் தள்ளிப்போனதும் ஊற்று வற்றியதும் ஒரே குறையின் இரு முகங்கள். முன்னதைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகள் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பின்னதைப் பற்றிப் பேசவில்லை.

பனி இல்லையென்றால் இயந்திரத்தால் செய்துகொள்ளலாமே என்று விடுதியில் சிலர் வாதிட்டனர். நுண்துளிகளாக நீரைக் குளிர்காற்றில் பீய்ச்சி உறையவைக்கும் இந்த முறைக்கு, காற்றின் வெப்பம் உறைநிலையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பதோடு ஏராளமான நீரும் மின்சாரமும் வேண்டும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தது. உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகப் பனி செய்யும் பொறிகளை நிறுவினர். ஆனால் 2023 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த போட்டிகள் பனியின்மையால் ரத்தாயின. கனடாவின் வான்கூவரில் 2010 ஒலிம்பிக்கின்போது, ஸ்னோபோர்டுக்குரிய சைப்ரஸ் மலையில் பனி போதாமல், வைக்கோல் கட்டுகளை அடுக்கி, தொலைவிலிருந்து லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பனியைக் கொண்டுவந்து பரப்பிப் பந்தயத்தை நடத்தினர். நின்று பார்ப்பதற்கு விற்ற ஆயிரக்கணக்கான சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தனர். ஊற்று வற்றும் ஊரில் குடிநீரை உறையவைத்து அதன்மேல் சறுக்குவது வீரம் ஆகாது.

ஆகவே தள்ளிவைத்த முடிவைக் குறைகூற இடமில்லை. குறை தேதி குறித்த முறையில் இருக்கிறது. புரட்டாசியில் மானாவாரிப் பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ நம் ஊரில் எவரும் அழைப்பிதழ் அச்சடித்து நாள் குறிப்பதில்லை. மண்ணைக் கையால் தோண்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்தபின்பே விதை மண்ணில் விழுகிறது. 2020-இல் முதன்முதலாக இவ்விளையாட்டுகள் குல்மார்க்கில் நடந்தது மார்ச் 7 முதல் 11 வரை. 2021-இல் பிப்ரவரி 26 தொடங்கி மார்ச் 2 வரை. 2023-இல் பிப்ரவரி 10 முதல் 14 வரை. வரவரப் பனி தாமதித்து வரும்போது தேதியை மார்ச்சிலிருந்து பிப்ரவரிக்கு இழுத்தது எந்தக் கணக்கில் சேரும் என்பது விளங்கவில்லை. இன்ன வாரத்திலிருந்து இன்ன வாரத்துக்குள் என்று ஓர் இடைவெளியை மட்டும் அறிவித்துவிட்டு, பனியின் ஆழத்தை அளந்தபின் பத்து நாள் முன்னறிவிப்போடு நாளைக் குறித்தால், பல மாநிலங்களிலிருந்து பலகையைச் சுமந்து வரும் இளைஞர்களுக்குப் பயணச்செலவும் மனச்சோர்வும் மிஞ்சா. உலகின் பணக்காரப் பந்தயங்களும் இதில் சறுக்கியுள்ளன என்பது உண்மையே. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டையும் இத்தாலியின் செர்வீனியாவையும் இணைத்து வகுத்த உலகக் கோப்பை இறக்கப் பந்தயம் 2022-இல் பனி போதாமல் ரத்தாகி, 2023-இல் கடும்பனியாலும் காற்றாலும் மீண்டும் ரத்தாகி, பின்னர் அட்டவணையிலிருந்தே நீக்கப்பட்டது. அவர்கள் இரண்டாம் முறையோடு பாடம் கற்றனர்.

பிப்ரவரி கடைசி நாள்களில் குல்மார்க்கில் பனி பொழிந்தது. புல்வெளி மறைந்தது, சறுக்கு வண்டிக்காரர்களின் முகம் தெளிந்தது, வாடகைக்கார் ஓட்டுநரின் வாக்கும் காலந்தாழ்ந்து மெய்யாயிற்று. போட்டிகளுக்கு மார்ச் 9 முதல் 12 வரை என்று புதிய நாள் குறிக்கப்பட்டது. பாடாலூர்ப் பயணியின் திரும்பும் சீட்டு அதற்கு முந்தைய தேதிக்கு உரியது. மாற்றினால் கட்டணம் இரட்டிப்பாகும் என்று சொல்லப்பட்டதால் அது மாற்றப்படவில்லை. அடுத்த ஆண்டு இங்கு வர எண்ணும் நண்பர், அறிவிப்பில் உள்ள தேதியை நம்பாமல், சில்லாய் கலான் எவ்வாறு கழிந்தது என்று பிப்ரவரி முதல் வாரத்தில் விசாரித்துக்கொண்டு, மாற்றத்தக்க சீட்டாகவே எடுத்து, இட்லிப் பொடியை மறவாமல் உடன்கொண்டு வருக.